வலை கெடக்கு

நான் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக இருந்தபோது, தினமும் காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் கப்பலை ஓட்டும் பொறுப்பு என்னுடையது. விடுமுறைக்குக் கொல்லிமலைக்கு வரும்போதெல்லாம் எங்கள் ஊர்த்தொகுதியான தேவனூர் நாட்டுச் சொந்தக்காரர்கள், "கப்பல்ல நீ என்ன வேல பாக்கற கண்ணு?" என்று கேட்பார்கள். "ஓட்டறேனுங்க" என்பேன். அடுத்த கேள்வி அநேகமாக ஒன்றுதான். "கடல்லயும் நம்ம ரோடு மாதிரி வளைவெல்லாம் இருக்குமா?" எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஊருக்கு வருகிறவர்களுக்கு அதுதான் பெரிய சந்தேகம். "இல்லீங்க, நேராவே போலாமுங்க" என்று சொல்லிச் சிரிப்பேன்.

ஒரு நாள் மட்டும் நேராகப் போயிருந்தால் சில பேர் செத்திருப்பார்கள்.

அது அரபிக் கடல். உரம் ஏற்றிக்கொண்டு ஏடன் வளைகுடாவைத் தாண்டி இந்தியாவின் மேற்குக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தோம். பாரம் நிறைந்த கப்பல், தண்ணீருக்கு மேலே அதிகம் தெரியாது. வேகமும் குறைவு. கடற்கொள்ளையர்களுக்கு இப்படிப்பட்ட கப்பல்தான் வசதி. அதனால் கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டியிருந்தோம். பக்கவாட்டில் தண்ணீரைப் பீய்ச்ச தீயணைப்புக் குழாய்களைத் திருப்பி வைத்திருந்தோம். துப்பாக்கியுடன் நான்கு காவலர்கள் ஏறியிருந்தார்கள். எல்லாரும் வெளிநாட்டுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய தலைவர் அதிகம் பேசமாட்டார். தேநீர் மட்டும் அடிக்கடி கேட்பார்.

பத்தரை மணி இருக்கும். வெயிலில் கண் கூசியது. முன்னால் ஒரு பெரிய படகு நிற்பதைப் பார்த்தேன். அதன் மறைவிலிருந்து இரண்டு சின்னப் படகுகள் பிரிந்து எங்களை நோக்கி வேகமாக வந்தன. பெரிய படகு ஒன்று, சின்னப் படகு இரண்டு. பயிற்சியில் எங்களுக்குக் காட்டிய படங்களில் கொள்ளையர்கள் வருவதும் இதே மாதிரிதான். உடனே கேப்டனைக் கூப்பிட்டேன்.

கேப்டன் வடநாட்டுக்காரர், அறுபதை நெருங்குகிறவர். படி ஏறி வந்ததும் தொலைநோக்கியில் ஒரு தடவை பார்த்தார். அபாய மணியை அடிக்கச் சொன்னார். மற்ற மாலுமிகள் எல்லாரும் கீழே இயந்திர அறைக்குப் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்கள். மேலே ஓட்டுமிடத்தில் கேப்டன், நான், சுக்கான் பிடிக்கும் மாலுமி, காவலர்கள் நான்கு பேர். கேப்டன் சாட்டிலைட் போனில் அந்தக் கடற்பகுதிக்கான தகவல் மையத்தைப் பிடித்தார். அங்கே எடுத்தவர் நாங்கள் இருக்கும் இடத்தைக் கேட்டுவிட்டு, "அது எங்கள் எல்லைக்கு வெளியே. பக்கத்து மையத்தைக் கூப்பிடுங்கள்" என்றார். பக்கத்து மையத்தில், மின்னஞ்சலில் படிவம் அனுப்பச் சொன்னார்கள். கேப்டன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அதற்குள் சின்னப் படகுகள் கிட்டே வந்துவிட்டன. ஒன்றில் ஒரு ஆள் எழுந்து நின்று, நீளமான கம்பு ஒன்றைத் தலைக்கு மேலே ஆட்டினார். கம்பின் நுனியில் கறுப்பாக ஏதோ இருந்தது. காவலர் தலைவர் துப்பாக்கியை உயர்த்திக் காட்டினார். அது முதல் எச்சரிக்கை. கம்பு ஆடுவது நிற்கவில்லை. அடுத்தது தண்ணீரில் சுடுவது. அதற்கடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

அப்போது ரேடியோ கரகரத்தது. யாரோ கத்துகிறார்கள். காற்றும் என்ஜின் சத்தமும் சேர்ந்து ஒன்றும் விளங்கவில்லை. "என்ன பாஷை இது?" என்று கேப்டன் எரிச்சலாகக் கேட்டார். திரும்பவும் கரகரப்பு. இந்தத் தடவை எனக்கு ஒரு சொல் தனியாகக் கேட்டது.

"...வலை... கப்பலு, கப்பலு... வலை கெடக்கு..."

நான்கு மாதமாக வீட்டுக்குப் போன் பேசும்போது தவிர வேறு எங்கும் தமிழ் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, நடுக்கடலில் அது கேட்டதும் கேப்டனிடம் கேட்காமலே ரேடியோவை எடுத்தேன்.

"படகு, படகு, நான் கப்பல்ல இருந்து பேசறனுங்க. வலை எந்தப் பக்கமுங்க இருக்குது?"

கரகரப்புக்கு நடுவே பதில் வந்தது, "ஏ, யாரு? தமிழா?"

"ஆமாங்கண்ணா, தமிழுதானுங்க. வலை எங்கீங்க, சீக்கிரம் சொல்லுங்க."

"எம்மா! ஒனக்க கப்பலுக்கு நேர முன்னால கெடக்கும்மா. வடக்க திருப்பு, வடக்க திருப்பு! நேர வந்தா எல்லாம் போச்சு!"

"திருப்பச் சொல்றனுங்க. அந்தச் சின்னப் படகுல நிக்கறவரை மொதல்ல உக்காரச் சொல்லுங்கண்ணா. கம்பைக் கீழ போடச் சொல்லுங்க. இங்க துப்பாக்கி வெச்சிருக்காங்க."

"துப்பாக்கியா?" அதற்கப்புறம் அவர் போட்ட கூச்சல் எனக்கானதில்லை. "ஏ மக்கா, இரிங்கலே! ரெண்டுபேரும் இரிங்கலே!"

கேப்டனிடம் சொன்னேன். மீனவர்கள், எங்கள் ஊர்ப் பாஷை பேசுகிறவர்கள், நம் பாதையில் வலை விரித்திருக்கிறார்கள், வடக்கே திருப்பச் சொல்கிறார்கள். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயம் சார்."

அவர் என்னை நம்பினார். கப்பலை இடப்பக்கம் திருப்பச் சொன்னார். அவ்வளவு பெரிய கப்பல் சொன்னதும் திரும்பிவிடாது. முகப்பு மெதுவாக வடக்கே நகர்ந்தது. சின்னப் படகில் நின்றவர் கம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கிட்டே வந்தபோது பார்த்தேன். கம்பின் நுனியில் இருந்தது கறுப்புத் துணி, வலை இருக்கும் இடத்தைக் காட்டுகிற கொடி. வலையின் மிதவைகள் எங்களுக்கு வலப்பக்கத்தில் வரிசையாக ஆடிக்கொண்டே பின்னால் போயின.

காவலர் தலைவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றினார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. "இன்னும் அரை நிமிஷம்தான் பொறுத்திருப்பேன்" என்றார். அன்றைக்கு அவர் தேநீர் கேட்கவில்லை.

ரேடியோவில் அந்தக் குரல் மறுபடியும் வந்தது. இப்போது நிதானமாக.

"எம்மா, நீ எந்த ஊரும்மா?"

"கொல்லிமலைங்கண்ணா."

"அது எந்தக் கடல்பக்கம்?"

"கடலே இல்லீங்கண்ணா. மலை."

"மலைக்காரிக்குக் கப்பல்ல என்ன சோலி?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்று மதியம் கேப்டன் என்னை அறைக்குக் கூப்பிட்டு, தகவல் மையத்துக்கு அனுப்பும் படிவத்தைக் காட்டினார். அதில் நடந்தது என்ன என்று குறிக்க மூன்றே கட்டங்கள். சந்தேகத்துக்குரிய நெருக்கம், தாக்குதல், கப்பலில் ஏறுதல்.

"இது மூணும் இல்லையே சார்" என்றேன்.

"ஒன்றைக் குறித்தால்தான் படிவம் போகும்."

முதல் கட்டத்தைக் குறித்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அந்தக் கடற்பகுதியின் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அதைப் பார்க்கும் அடுத்த கப்பல் இன்னும் பயந்துகொண்டு வரும். அதில் ஏறும் காவலர்கள் துப்பாக்கி விசையிலிருந்து விரலை எடுக்காமல் நிற்பார்கள். அதே மீனவர்கள் அதே இடத்தில் வலை போட்டிருப்பார்கள். அந்தக் கப்பலில் தமிழ் தெரிந்தவர் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடந்ததை நடந்தபடி எழுதினால் கம்பெனியில் கேள்வி வரும் என்று அவர் யோசித்திருக்கலாம். கடைசியில் முதல் கட்டத்தையே குறித்துவிட்டு, படிவத்தை என் பக்கம் தள்ளி, "கீழே குறிப்பு என்று ஒரு இடம் இருக்கிறதல்லவா, அங்கே எழுது. உன் பெயரையும் போடு. என் கையெழுத்தும் இருக்கும்" என்றார். இரண்டு மையங்களும் எங்களை மாற்றி மாற்றி அனுப்பியதையும், மீனவர்கள் வலையைக் காக்கத்தான் வந்தார்கள் என்பதையும், படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்பதையும் எழுதினேன்.

துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததும் விசாரிக்க ஒரு அதிகாரி ஏறினார். "மீனவர்கள்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"என்னோட சொந்த ஊரைக் கேட்டாங்க சார்" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

விடுமுறையில் ஊருக்கு வந்தேன். எங்களுக்கு மிளகும் மரவள்ளியும் உண்டு. அப்பா மரம் ஏறி மிளகு பறிப்பார், நான் கீழே நின்று பொறுக்குவேன். துப்பாக்கி விஷயத்தை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை அனுப்பமாட்டார்கள் என்ற பயம்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தக் கடலில் கரை உள்ள நாடுகள் சில கூடி, கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் ஆபத்து வந்தால் யார் யாரிடம் சொல்வது, யார் உதவிக்குப் போவது என்று பொதுவான ஒரு கொள்கையை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்காகப் பழைய படிவங்களையெல்லாம் படித்த யாரோ ஒருவர், என் குறிப்பையும் படித்திருக்கிறார். இணையவழிக் கூட்டத்தில் வந்து பத்து நிமிஷம் பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

படித்துவிட்டு நெடுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குறிப்பை யாரும் படிப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

எங்கள் வீட்டில் சிக்னல் காற்றைப் பொறுத்து வரும், போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நல்ல இணைப்பு இருந்தது. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது அங்கிருந்த நர்ஸிடம் கேட்டேன். அவர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். மலைக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மலைக்குளிரைத் திட்டாமல் ஒரு பேச்சும் தொடங்கமாட்டார். எதற்காக இணைப்பு வேண்டும் என்று கேட்டார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். "வலை கெடக்கு" என்ற இடம் வந்ததும் அவர் மாத்திரை எண்ணுவதை நிறுத்தினார்.

"எனக்க தம்பியும் ஆழ்கடலுக்குத்தான் போறான்" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டேன். தம்பியின் படகை ஒரு கப்பலிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி விரட்டியிருக்கிறார்கள், வானத்தைப் பார்த்துச் சுட்டுமிருக்கிறார்கள். வலை அறுந்துபோயிற்று. தம்பி அதைத் தன் அம்மாவிடம் சொல்லாமல் அக்காவான இவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். "கப்பல்காரனுக்குத் திமிருன்னு இப்பவும் சொல்லுவான். நீங்க பயந்துபோய்தான் அப்பிடிச் செய்யிறீங்கன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

அப்போதே தம்பிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். தம்பி கரையில்தான் இருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார், ஆனால் குரலில் சிநேகம் இல்லை.

"எங்கள பாத்தா நீங்க எதுக்குப் பயப்படணும்?" என்று நேராகக் கேட்டார்.

"படகுல ஏணி இருக்குதான்னு பாப்போமுங்கண்ணா."

"ஏணியா? கடல்ல ஏணி எதுக்கு?"

"கொள்ளைக்காரங்க கப்பல்ல ஏறத்தானுங்க."

"எங்க படகுல ஒரு ஏணி உண்டு" என்றார். "மீன் வைக்கிற ஐஸ் அறைக்குள்ள எறங்க."

அவரே தொடர்ந்தார். "கொள்ளைக்காரன் வந்தா மொதல்ல மாட்டுறது யாரு? நாங்கதான். எங்க படகப் புடிச்சு, அதுல ஏறித்தான் ஒங்க கப்பலுக்கு வருவான். இத எங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் பேசற கூட்டத்துல நீங்களே வந்து சொல்றீங்களாங்கண்ணா?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

"நான் சொல்றனுங்க."

கூட்டத்தன்று சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். அப்பா என்னை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காத்திருந்தார். வராண்டா முழுக்கக் குழந்தைகளும் தாய்மாரும். மருந்து வைக்கும் அறையில் எனக்கு ஒரு ஸ்டூலும் மேசையும் போட்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு நர்ஸ் ஊசி போடப் போனார். என் கணினியில் கட்டம் கட்டமாக முகங்கள். துறைமுக அதிகாரிகள், கடலோரக் காவல்படையினர், கப்பல் கம்பெனிக்காரர்கள். நடத்தியவர் வேறு நாட்டைச் சேர்ந்த ஒரு அம்மா. நரைத்த தலை, நிதானமான பேச்சு. என் முறை வந்தபோது வெளியே நாலைந்து குழந்தைகள் ஒரே சமயத்தில் வீறிட்டன.

"நீங்கள் இப்போது கப்பலில் இருக்கிறீர்களா? அது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"தடுப்பூசி போடுகிறார்கள் அம்மா" என்றேன். கட்டங்களில் பலர் சிரித்தார்கள். எனக்கிருந்த படபடப்பு அதிலேயே பாதி போய்விட்டது.

நடந்ததை நாலு நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். மீதி நேரத்தை ஒரு மீனவருக்குத் தர அனுமதி கேட்டேன். அந்த அம்மா தயங்கினார். மீன்வளத் துறைக்கென்று தனியாக ஒரு கூட்டம் வைத்திருப்பதாகச் சொன்னார்.

"துறை அந்தப் படகில் இல்லை அம்மா. இவர்கள்தான் இருந்தார்கள்" என்றேன். சொன்ன பிறகுதான் துடுக்காகிவிட்டதோ என்று பயந்தேன். அவர் தலையசைத்தார். "சரி, பேசச் சொல்லுங்கள்."

நர்ஸின் போனில் தம்பியைக் கூப்பிட்டு, கணினிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். வலை போட்ட இடத்தை முன்கூட்டியே கப்பல்களுக்குத் தெரிவிக்க வழி வேண்டும் என்றார். கப்பல் போகும் பாதையைத் தங்களுக்கும் சொல்லவேண்டும் என்றார். "எங்களுக்குப் பாடு கெடச்சாப் போதும், ஒங்க கப்பலு எங்களுக்கு எதுக்கு?" என்றார். அங்கே எனக்குத் தடுக்கியது. எங்கள் பக்கம் பாடு என்றால் கஷ்டம். கஷ்டம் கிடைத்தால் போதும் என்று யாராவது சொல்வார்களா? ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கதவில் தலையை நீட்டிய நர்ஸ், "மீனு! பாடுன்னா கெடைக்கிற மீனு!" என்று கத்திவிட்டுப் போனார்.

கடலோரக் காவல்படை அதிகாரி ஒருவர், இன்னொரு நாட்டுக்காரர், கேள்வி கேட்டார். "ஒரே ஒரு எண் கொடுத்தால், சந்தேகமான படகைப் பார்க்கும்போது எங்களுக்குச் சொல்வீர்களா?"

தம்பி உடனே பதில் சொன்னார். "நாங்க பாக்குற அளவுக்குக் கடல ஒங்கள்ல யாரும் பாக்கல சார். கேட்டாச் சொல்லுவோம். ஆனா, சொன்னவனையே புடிச்சு ஒரு வாரம் உக்கார வச்சு விசாரிக்கப்பிடாது. அப்பிடிச் செஞ்சா அடுத்தவன் வாயத் தொறக்கமாட்டான்."

அதை நான் சொன்னதும் அந்த அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நிமிர்ந்து, "இது நியாயம்" என்றார். அதைத் தமிழில் சொன்னேன். "சரி, அவருக்கு நன்றி சொல்லும்மா" என்றார் தம்பி. முதல் தடவையாக என்னை அம்மா என்று கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது அப்பா ஒரு வளைவில் பைக்கை நிறுத்தினார். பஸ் ஏறி வருவதற்காக ஒதுங்கினார் என்று நினைத்தேன். பஸ் போன பிறகும் கிளப்பவில்லை.

"ஏங்கண்ணு, உள்ள பேசறப்ப என்னமோ 'கன்'னு காதுல உழுந்துச்சே? துப்பாக்கிதான அது?"

கதவு ஒருக்களித்திருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கொடிக்கம்பு, காவலர் சொன்ன அரை நிமிஷம், எதையும் விடவில்லை. அவர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கேட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மறுக்காவும் போவியா?"

"போவனுங்கப்பா."

"அந்த ஆளுங்க நல்லாருக்காங்களா? படகுக்காரங்க?"

"நல்லாருக்காங்கப்பா. யாருக்கும் ஒண்ணும் ஆவல."

"செரி" என்றார். எழுந்து பைக்கைக் கிளப்பினார். "உங்கம்மாகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். நீ எதும் பேசிப்போடாத." அவர் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மரவள்ளிக் கிழங்கை என் தட்டில் வைத்துக்கொண்டே, "அந்தப் படகுக்காரரு ஊட்ல கொழந்தைங்க இருக்குதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கேட்டிருக்கோணும்" என்றார்.

கொள்கையின் வரைவு பல மாதம் கழித்து வந்தது. நீளமான ஆவணம். தேடித் தேடிப் படித்தேன். படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்ந்திருந்தது. மீன்பிடி வலையைக் காக்க நெருங்கிய படகு. எந்த மையத்தைக் கூப்பிட்டாலும், எல்லையைக் காட்டித் தட்டிக்கழிக்காமல் அவர்களே தகவலை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பவேண்டும் என்றும் இருந்தது. தகவல் சொல்லும் மீனவர்களை இயன்றவரை தடுத்து வைக்கக்கூடாது என்று ஒரு வரி. அந்த "இயன்றவரை" எனக்குப் பிடிக்கவில்லை. நர்ஸிடம் படித்துக் காட்டினேன். "இயன்றவரைன்னாலும் எழுதியிருக்கான்லா?" என்றார் அவர். எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ளவில்லை. சில நாடுகள் மட்டும் முதலில் நடைமுறைப்படுத்திப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தன.

அடுத்த தடவை கப்பலேறியபோது நான் இரண்டாம் அதிகாரி. அதே அரபிக் கடல். ஏறிய காவலர்களுக்கு முதல் நாளே கேப்டன் ஒரு வகுப்பு எடுத்தார். மீன்பிடிக் கொடிகளின் படம், வலை மிதவைகளின் படம், ஐஸ் அறை ஏணியின் படம். கொள்கையோடு வந்த கையேட்டில் அதெல்லாம் இருந்தது. காலையில், கரையிலிருந்து வரும் செய்திகளை வாங்கும் இயந்திரம் ஒரு எச்சரிக்கையை அச்சடித்துத் துப்பியது. இன்ன இடத்தில் வலைகள் உள்ளன, விலகிச் செல்லவும் என்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை படித்தேன். எங்கேயோ ஒரு படகிலிருந்து யாரோ சொல்லி, யாரோ கேட்டு, அது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பாதையை வரைபடத்தில் கொஞ்சம் வடக்கே மாற்றினேன். படகுகள் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தன. யாரும் எங்களை நோக்கி வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

கம்பெனி கேட்டதால், மீனவர்களிடம் பேசத் தேவையான சில வாக்கியங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் இன்னும் இரண்டு பாஷைகளிலும் எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். சுக்கான் பிடிக்கும் பிலிப்பைன்ஸ்காரர் ஓய்வு நேரத்தில் அதைப் படித்துப் பழகுவார். "வலை எங்கே?" என்பது அவர் வாயில் "வாலை எங்கே" என்றுதான் வரும். திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன். படகுக்காரர்களுக்கு அது புரிந்துவிடும்.

போன மாதம் நர்ஸின் தம்பி குரல்செய்தி ஒன்று அனுப்பியிருந்தார். துறைமுகத்தில் மீனவர்களையும் சேர்த்து நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து அந்தத் துறைமுகத்தைக் கடல்பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறாராம், வாசல் வழியாக உள்ளே போனது அன்றைக்குத்தான். வாசலில் சோதனை போட்ட காவலர், இவர் இடுப்பில் இருந்த கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தாராம். கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்களாம். அதில் அவர் பெயரும், பெயருக்குக் கீழே "ஆலோசகர்" என்றும் அச்சடித்திருந்ததாம்.

"கத்தியத் திருப்பித் தந்துட்டானுவ" என்றார். "அட்டைய நான் திருப்பிக் குடுக்கல."